‘ஹேக்கர்’ என்று சொல்வதற்கு முன்: ஆன்லைன் விளையாட்டில் போங்காட்டம் எப்படி நடக்கிறது?

போனில் சுட்டு ஆடும் பிஜிஎம்ஐ விளையாட்டை ஆடும் நாலு பையன்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால், அரை மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது இந்தக் குரல் கேட்டுவிடும்: "மச்சான், அவன் ஹேக்கர்டா!" பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தவன் தலையை நீட்டியிருப்பான், எங்கிருந்தோ வந்த ஒரே தோட்டாவில் ஆள் காலி. சுட்டவன் திருட்டு மென்பொருள் வைத்திருந்தானா, இல்லை காலடிச் சத்தத்தைக் கேட்டு முன்கூட்டியே குறிபார்த்துக் காத்திருந்தானா என்று யாரும் யோசிப்பதில்லை. ரிப்போர்ட் பொத்தானை ஓர் அழுத்து அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இப்படிப் புழங்கிப் புழங்கியே அந்தச் சொல் தேய்ந்துவிட்டது. கூடவே இரண்டு தப்பான எண்ணங்களும் ஒட்டிக்கொண்டன. ஏமாற்றுகிறவன் விளையாட்டு நிறுவனத்தின் கணினிக்குள்ளேயே புகுந்துவிட்ட பெரிய கில்லாடி என்பது ஒன்று. நிறுவனம் நினைத்தால் ஒரே நாளில் இவர்களை ஒழித்துவிடலாம், வேண்டுமென்றே சும்மா இருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது கிட்டத்தட்ட எப்போதுமே தவறு. அது ஏன் தவறு என்று புரிந்துவிட்டால் இரண்டாவதும் தானாக உதிர்ந்துவிடும்.

நான் சில நண்பர்களோடு சேர்ந்து கட்டைகளைத் தோண்டி அடுக்கி ஆடும் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு ஒரு சின்ன சர்வரைச் சில ஆண்டுகள் நடத்தியவன். அங்கே கற்றதையும், பெரிய விளையாட்டுகளில் வெளிப்படையாக நடந்ததையும் வைத்து இதை அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன். கணினி படித்திருக்க வேண்டியதில்லை. தெருவில் கிரிக்கெட் ஆடியிருந்தால் போதும்.

## தெருக் கிரிக்கெட்டும் அம்பயரும்

தெருக் கிரிக்கெட்டில் தனியாக அம்பயர் கிடையாது. பேட்டிங் அணியில் ஒருவன்தான் நிற்பான். பந்து மட்டையில் பட்டு கீப்பர் கைக்குப் போயிருக்கும். "படவே இல்லை" என்று சாதிப்பான். சண்டை அங்கே தொடங்கும். அதே பையன்கள் பள்ளி மைதானத்தில், பி.டி. வாத்தியார் அம்பயராக நிற்கும்போது ஆடினால் சண்டை பாதியாகிவிடும். பையன்கள் அதே பையன்கள்தான். தீர்ப்பு சொல்லும் ஆள் மட்டும் மாறியிருக்கிறார்.

ஆன்லைன் விளையாட்டிலும் இதுதான் அடிப்படைக் கேள்வி: என்ன நடந்தது என்று யார் சொல்வது? ஒரு பக்கம் உங்கள் போன் அல்லது கணினி. அதில் ஓடும் விளையாட்டுச் செயலியை கிளையன்ட் என்பார்கள். இன்னொரு பக்கம் நிறுவனம் எங்கோ ஒரு ஊரில் வைத்திருக்கும் கணினி. எல்லாரையும் இணைத்து ஆட்டத்தை நடத்துவது அதுதான். அதன் பெயர் சர்வர். நூறு பேர் ஆடும் ஆட்டத்தில் நூறு கிளையன்ட், ஒரு சர்வர்.

ஏமாற்றுகிறவன் பெரும்பாலும் சர்வர் பக்கமே போவதில்லை. அவனுக்கு அது தேவையும் இல்லை. கிளையன்ட் அவன் சொந்தக் கருவியில், அவன் கைக்குள் இருக்கிறது. அந்தச் செயலியை அவன் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அது ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் எண்களைப் படிக்கலாம். தடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆக, இதுவரை பார்த்தது இவ்வளவுதான். ஆட்டத்தின் ஒரு பகுதி சர்வரில் நடக்கிறது, ஒரு பகுதி ஆடுகிறவரின் கருவியில் நடக்கிறது. போங்காட்டம் என்பது தன் கருவிக்கு வந்துசேர்ந்த தகவலைக் கள்ளத்தனமாகப் பார்ப்பது, அல்லது தன் கருவியிலிருந்து சர்வருக்குப் பொய் சொல்வது. பிறர் வீட்டுப் பூட்டை உடைப்பதை விட, தன் வீட்டில் நம்பிக் கொடுத்துவைத்த பொருளைக் கையாடுவதற்குத்தான் இது நெருக்கம்.

## எல்லாவற்றையும் சர்வரே செய்தால் என்ன?

செய்யலாம். ஆனால் ஆட முடியாது.

நீங்கள் திரையைத் தொட்டதும் அந்தச் செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பிவர எடுக்கும் நேரத்துக்குப் பிங் என்று பெயர். அதை மில்லி நொடியில் சொல்வார்கள். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. பிங் 80, 100 என்று இருக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சர்வரின் அனுமதிக்குக் காத்திருந்தால், இடுப்பளவு தண்ணீரில் நடப்பது போலிருக்கும். அதனால் கிளையன்ட் காத்திருப்பதில்லை. "இவர் முன்னால் நகர்ந்துவிட்டார்" என்று தானே முடிவு செய்து திரையில் காட்டிவிடுகிறது. கையோடு சர்வருக்கும் சொல்லிவிடுகிறது. சர்வர் கணக்குப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் பின்னுக்கு இழுக்கிறது. நெட் மோசமாக இருக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று பத்தடி பின்னால் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழுப்புதான் இது.

எந்த விஷயத்தில் கிளையன்ட்டின் பேச்சை நம்புவது, எதைச் சர்வரே கணக்கிடுவது என்று விளையாட்டை உருவாக்குபவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவு செய்தாக வேண்டும். தாராளமாக நம்பினால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். கள்ளனுக்கும் கதவு திறக்கும். ஸ்பீடு ஹேக் என்பது இந்தக் கதவு வழியாக வருவதுதான். "நான் இப்போது அந்த மரத்தடியில் இருக்கிறேன்" என்று கிளையன்ட் சொல்வதைச் சர்வர் அப்படியே குறித்துக்கொண்டால், மூன்று மடங்கு வேகத்தில் அங்கே போய்ச் சேர்ந்ததாகப் பொய் சொல்வது சுலபம்.

மைன்கிராஃப்ட் சர்வர் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஒருவர் அளவுக்கு மீறி நகர்ந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் "மூவ்டு டூ குயிக்லி" என்று பதிவில் ஒரு வரி விழும். ஆளும் பழைய இடத்துக்கு இழுக்கப்படுவார். அந்த வரியை எங்கள் சர்வரில் முதன்முதலாகப் பார்த்த இரவு, கள்ளன் அகப்பட்டான் என்று குதித்தோம். விசாரித்தால் அந்தப் பையன் வீட்டில் வைஃபை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இணைப்பு மீண்டதும், தேங்கிக் கிடந்த நகர்வுகள் மொத்தமாக வந்து விழுந்திருக்கின்றன. சர்வரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். போங்காட்டத்தைக் கண்டுபிடிப்பதில் உள்ள பாதிச் சிக்கல் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

### ‘அன்லிமிடெட் டயமண்ட்’ ஏன் நடக்காது

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஃப்ரீ ஃபயர் டயமண்ட், பிஜிஎம்ஐ யூசி ஆகிய விளையாட்டுக் காசுகளை இலவசமாக அள்ளித் தரும் ‘ஹேக்’ என்று வீடியோக்களும் தளங்களும் கொட்டிக் கிடக்கின்றன. உங்களிடம் எத்தனை டயமண்ட் இருக்கிறது என்ற கணக்கு உங்கள் போனில் இல்லை. அது சர்வரில் இருக்கிறது, வங்கிக் கணக்கைப் போல. போனில் தெரிவது பாஸ்புக்கில் அச்சடித்த எண். பாஸ்புக்கில் பேனாவால் இரண்டு பூஜ்யம் சேர்த்தால் வங்கியில் பணம் ஏறுமா?

அப்படியானால் அந்தத் தளங்கள் எதற்காக நடக்கின்றன? அவை கேட்பதைக் கவனியுங்கள்: விளையாட்டு ஐடி, ஃபேஸ்புக் பாஸ்வேர்டு, அப்பா போனுக்கு வரும் ஓடிபி. வேண்டியது அதுதான். மோட் ஏபிகே என்று சுற்றுகிற செயலிகளும் இதே ரகம். யாரோ ஒருவர் செயலியைப் பிரித்து மாற்றிக் கட்டியிருக்கிறார். கூடவே வேறு எதை உள்ளே வைத்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் இதில் விழுந்து, மூன்று வருடம் ஆடிச் சேர்த்த கணக்கை ஒரே மாலையில் இழந்துவிட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாஸ்புக் உதாரணத்தை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

## பிரிக்கக் கூடாத உறை

அடுத்தது, சொல்லப்போனால் எல்லாவற்றிலும் சுவையானது: வால்ஹேக். சுவருக்குப் பின்னால் இருப்பவனைப் பார்ப்பது.

நாலு பேர் நாலு ஊரில் இருந்துகொண்டு சீட்டாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுப் போடுகிறவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பேருடைய சீட்டையும் தனித்தனி உறையில் போட்டு அனுப்பிவிடுகிறார். "உங்கள் உறையை மட்டும் பிரியுங்கள். மற்றதை நான் சொல்லும்போது பிரித்தால் போதும்." நேர்மையானவர் தொட மாட்டார். மற்றவர் அன்று இரவே கெட்டிலை அடுப்பில் வைத்து ஆவியில் உறையைப் பிரித்துவிடுவார். அவர் எதையும் திருடவில்லை. எல்லாம் அவர் மேஜைக்கே வந்திருந்தது.

சுடும் விளையாட்டுகளில் நடப்பதும் இதே. எதிரி சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், திரையில் தெரியவில்லை. ஆனால் அடுத்த நொடி வெளியே வரலாம், அவன் காலடிச் சத்தம் சரியான திசையிலிருந்து கேட்க வேண்டும் என்பதற்காக, அவன் நிற்கும் இடம் முன்கூட்டியே உங்கள் கருவிக்கு வந்துவிடுகிறது. சுவரை வரைந்து அவனை மறைப்பது மட்டும்தான் கிளையன்ட்டின் வேலை. நினைவகத்திலிருந்து அந்த இடத்தைப் படித்து, சுவருக்கு மேலேயே ஒரு கட்டம் போட்டுக் காட்டினால் அதுதான் வால்ஹேக். எதிரியின் பெயர், தூரம், மிச்சமிருக்கும் உயிர் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவதை இஎஸ்பி என்கிறார்கள்.

மைன்கிராஃப்ட்டில் இதற்கு எக்ஸ்ரே என்று பெயர். அங்கே உலகமே கட்டைகளால் ஆனது. வைரம் தரைக்கு வெகு ஆழத்தில், கல்லுக்குள் புதைந்திருக்கும். தோண்டித் தோண்டித் தேடுவதுதான் ஆட்டமே. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றிய நிலத்தைச் சர்வர் அடிமட்டம் வரை அனுப்பிவிடுகிறது, வைரங்களையும் சேர்த்து. கல்லைக் கண்ணாடியாகக் காட்டு என்று கிளையன்ட்டை மாற்றிவிட்டால், காலடியில் நீல நிறப் புள்ளிகள் அந்தரத்தில் மிதப்பது தெரியும். அப்புறம் நேராக ஒரு சுரங்கம், ஒரு வைரம். அங்கிருந்து சட்டென்று திரும்பி இன்னொரு சுரங்கம், அடுத்த வைரம்.

இதற்குச் சிறு சர்வர்களை நடத்தும் தன்னார்வலர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. உறையையே அனுப்பாதே என்பது அதன் முதல் படி. காற்றைத் தொடாத, அதாவது யார் கண்ணிலும் படச் சாத்தியமில்லாத வைரக் கட்டையைக் கல் என்று பொய் சொல்லி அனுப்பு. பக்கத்துக் கட்டை உடையும்போது மட்டும் உண்மையைச் சொல். இரண்டாம் படி இன்னும் அழகு: இல்லாத வைரங்களையும் கண்டபடி தூவி அனுப்பு. நேர்மையாகத் தோண்டுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கிட்டே போனதும் போலிகள் கல்லாகிவிடும். எக்ஸ்ரே வைத்திருப்பவன் கண்ணுக்கோ பூமி முழுக்க வைரம். எது நிஜம் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. முன்பு ஆர்ப்ஃபஸ்கேட்டர் என்ற இணைப்புச் செயலி இதைச் செய்தது. இப்போது பலர் பயன்படுத்தும் பேப்பர் என்ற சர்வர் மென்பொருளிலேயே இது அமைந்திருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதே வழிக்குத்தான் வந்தன. 2020இல் ரயட் கேம்ஸ் வெளியிட்ட வேலரன்ட் விளையாட்டில், எதிரி உங்கள் பார்வைக்கு வரப்போகும் நேரம் வரை அவன் இருக்கும் இடத்தைச் சர்வர் உங்களுக்கு அனுப்புவதே இல்லை. இதற்கு ஃபாக் ஆஃப் வார் என்று பெயர், போர்மூட்டம் என்று சொல்லலாம். ‘வரப்போகும்’ என்பதில்தான் தொல்லை இருக்கிறது. சரியாக மூலை திரும்பிய பிறகு அனுப்பினால், பிங் காரணமாக எதிரி திடீரென்று வானத்திலிருந்து குதித்தது போலத் தோன்றுவான். அதனால் கொஞ்சம் முன்னதாகவே அனுப்பியாக வேண்டும். அந்தக் கொஞ்சத்தில் கள்ளனுக்கு ஒரு ஜன்னல் மிஞ்சிவிடுகிறது. சுருக்கலாம், முழுக்க அடைக்க முடியாது.

## நடுங்காத கை

எய்ம்பாட் இன்னொரு வகை. இங்கே மறைந்த தகவல் எதுவும் தேவையில்லை. எதிரி கண்ணெதிரே, நியாயமாகவே தெரிகிறான். அவன் தலையைக் குறிபார்க்கும் வேலையை மட்டும் கைக்குப் பதிலாக மென்பொருள் செய்கிறது.

இதனால்தான் இதைப் பிடிப்பது கடினம். சர்வருக்கு வந்துசேர்வது "இந்தக் கோணத்தில் திரும்பினேன், சுட்டேன்" என்பது மட்டும். அந்தக் கோணம் சாத்தியமானதுதான். ஒரு தோட்டாவைப் பார்த்து யாராலும் தீர்ப்பு சொல்ல முடியாது. நூறு தோட்டாக்களைப் பார்த்தால் ஒரு சாயல் தெரியும். மனிதக் கை இலக்கை நோக்கி வேகமாகப் போகும், சற்றுத் தாண்டிவிடும், பிறகு திரும்பிவந்து நிற்கும். களைத்தால் தடுமாறும். மட்டமான எய்ம்பாட் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான எய்ம்பாட் வேண்டுமென்றே தடுமாறி நடிக்கும்.

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற ஆசிய அளவிலான கவுண்டர் ஸ்ட்ரைக் (சுடும் விளையாட்டு) போட்டியில், இந்தியாவிலிருந்து போன ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டம் பாதியில் நின்றது. மேடையிலேயே, நடுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஓர் ஆட்டக்காரரின் கணினியில் குறிபார்க்கும் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கோப்புக்கு வைத்திருந்த பெயர் வேர்டு டாட் எக்ஸி, கடிதம் தட்டச்சு செய்யும் வேர்டு போலவே. அணி கலைக்கப்பட்டது, அவருக்கு 5 ஆண்டுத் தடை. அந்த மேடைக்கு வர மற்ற நாலு பேர் எத்தனை இரவு கண்விழித்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது. அதற்குப் பிறகு நம் நாட்டு ஆட்டக்காரர்கள் பலர், தாங்கள் செய்யாத தப்புக்காக "வேர்டு டாட் எக்ஸி" என்ற கேலியை வெளிநாட்டவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

சுருக்கிப் பார்த்தால்: ஸ்பீடு ஹேக் ஒரு பொய், சர்வர் சரிபார்த்தால் பிடிபடும். வால்ஹேக் ஒரு கள்ளப் பார்வை. தகவலை அனுப்பாவிட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். எய்ம்பாட் ஒரு கள்ளக் கை. சர்வரின் கணக்கு மட்டும் அதைப் பிடிக்காது. அதற்குக் கள்ளனின் கருவிக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும், அல்லது அவன் ஆட்டத்தை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

## வாசலில் ஒரு காவலாளி

கருவிக்குள் போய்ப் பார்க்கும் மென்பொருளை ஆன்டி சீட் என்கிறார்கள். வால்வ் நிறுவனத்தின் வேக் 2002இலிருந்து இருக்கிறது. விளையாட்டு ஓடும்போது பக்கத்தில் வேறு என்ன ஓடுகிறது, விளையாட்டின் நினைவகத்தை யாராவது தொடுகிறார்களா என்று இவை பார்க்கும். தெரிந்த போங்கு மென்பொருளின் அடையாளம் தட்டுப்பட்டால் கணக்குக்குத் தடை.

தடை உடனே விழுவதில்லை என்று பலருக்குக் கோபம். வேண்டுமென்றேதான் தள்ளிப்போடுகிறார்கள். அன்றே தடை போட்டால், அந்த மென்பொருளை விற்றவனுக்குத் தன் சரக்கின் எந்த வரி மாட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும், மாலைக்குள் மாற்றிவிடுவான். சில வாரம் காத்திருந்து மொத்தமாக வாரினால், எது காட்டிக்கொடுத்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியாது.

பொறி வைப்பதும் உண்டு. 2023 பிப்ரவரியில் டோட்டா 2 விளையாட்டில் வால்வ் 40,000க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தது. விளையாட்டின் கோப்புகளுக்குள், நேர்மையான ஆட்டத்தில் ஒருபோதும் படிக்கப்படாத ஒரு பகுதியை ஒளித்துவைத்திருந்தார்கள். நினைவகத்தைத் துருவும் கள்ள மென்பொருள் மட்டும்தான் அதைத் தொடும். தொட்டவர்கள் பட்டியல் சேர்ந்ததும் கதவை அடைத்தார்கள். நமக்கெல்லாம் தெரிந்த எலிப்பொறித் தேங்காய்தான்.

கள்ளர்கள் இன்னும் ஆழமாகப் போனார்கள். காவலாளியும் பின்னாலேயே போனார். கணினியின் இயங்குதளத்தில் கெர்னல் என்று ஓர் அடித்தளம் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுச் சாவியும் வைத்திருக்கும் ஆள் மாதிரி அது. சாதாரணச் செயலிகள் தங்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கும். கெர்னலுக்கு எல்லா வீடும் திறக்கும். வேலரன்ட்டின் ஆன்டி சீட்டான வேன்கார்டு அந்த மட்டத்தில், கணினி கிளம்பும்போதே விழித்துக்கொள்கிறது. இதை எல்லாரும் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை, அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் ஆன்டி சீட் பகுதியை எடுத்து, கணினியின் வைரஸ் தடுப்பை முடக்க கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் மென்பொருள் கும்பல் ஒன்று பயன்படுத்தியதை 2022இல் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளிப்படுத்தியது. அந்த விளையாட்டே இல்லாத கணினியிலும் அது நடக்கக்கூடியது. சாவிக்கொத்தை ஒருவரிடம் கொடுத்தால், அது களவு போகும் வாய்ப்பையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

## ஊர் கூடிப் பார்ப்பது

மென்பொருள் பிடிக்காததை மனிதக் கண் பிடிக்கும். இதை ஒழுங்காகச் செய்துகாட்டிய இடம் கவுண்டர் ஸ்ட்ரைக். 2013இல் ஓவர்வாட்ச் என்ற முறையை வால்வ் கொண்டுவந்தது. நீண்ட காலம் ஆடிய, நல்ல பெயர் எடுத்த ஆட்டக்காரர்கள் விசாரணையாளர்கள் ஆனார்கள். புகாருக்குள்ளானவரின் ஆட்டப் பதிவில் சில சுற்றுகள் அவர்களுக்குக் காட்டப்படும். பெயர் தெரியாது, ‘சந்தேகத்துக்குரியவர்’ என்று மட்டும் இருக்கும். பார்த்துமுடித்து, குறிபார்ப்பதில் கள்ளம், பார்வையில் கள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொல்ல வேண்டும். தீர்ப்பு இரண்டே வகை: நியாயமான ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருக்கிறது, அல்லது போதிய ஆதாரம் இல்லை. "குற்றமற்றவர்" என்று ஒரு பொத்தான் இல்லாதது கவனிக்க வேண்டிய நேர்மை. பார்த்தவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு வேக்நெட் என்ற இயந்திரக் கற்றல் முறை வந்தது. இயந்திரக் கற்றல் என்றால், விதிகளை எழுதித் தராமல் ஆயிரக்கணக்கான உதாரணங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குவது. விசாரணையாளர்கள் ஏற்கனவே சொன்ன தீர்ப்புகள்தான் அதற்குப் பாடம். 2018இல் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் வால்வின் ஜான் மெக்டொனால்ட் இதைப் பற்றிப் பேசினார். ஆட்டக்காரர்கள் ரிப்போர்ட் செய்ததால் விசாரணைக்கு வந்த வழக்குகளில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்தன. வேக்நெட் அனுப்பியவற்றில் 80 முதல் 95 சதவீதம்.

அந்த முதல் எண்ணைச் சற்று நின்று பாருங்கள். ரிப்போர்ட் பொத்தானை அழுத்தியவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் நிச்சயமாகத்தான் இருந்திருப்பார்கள். வழக்காக வந்தவற்றிலேயே பத்தில் ஏழு, எட்டுக்கு ஆதாரம் நிற்கவில்லை. அதில் தப்பித்த கள்ளர்களும் இருப்பார்கள், சரி. ஆனால் நிறையப் பேர் நன்றாக ஆடியதற்காகப் புகார் வாங்கியவர்கள்.

அப்போது வேக்நெட்டும் தானே தடை விதிக்கவில்லை, மனிதரிடம்தான் அனுப்பியது. இயந்திரம் சலிக்காமல் எல்லா ஆட்டத்தையும் பார்க்கும், மனிதர் தீர்ப்பு சொல்வார். இந்த வேலைப் பிரிவினைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வேறு வழிகளும் முயன்றார்கள். 2020இல் ஃபால் கைஸ் விளையாட்டு, சந்தேகப்பட்டவர்களைத் தனித் தீவில் தங்களுக்குள்ளேயே ஆடவிட்டுப் பார்த்தது. பிறகு அதைக் கைவிட்டு வேறொரு ஆன்டி சீட்டுக்கு மாறிவிட்டது. இலவச விளையாட்டுகளில் தடை வாங்கியவன் ஐந்து நிமிடத்தில் புதுக் கணக்கோடு வந்துவிடுவான் என்பதால், போன் எண் கேட்பது, கருவியையே அடையாளம் கண்டு தடுப்பது என்று போகிறார்கள். விற்பவர்களைத் தேடிப் போலீஸும் போகிறது. 2021இல் சீனாவின் குன்ஷான் நகரப் போலீஸ், டென்சென்ட் நிறுவனத்தின் உதவியோடு ஒரு கும்பலைப் பிடித்தபோது விலையுயர்ந்த கார்கள் உட்படச் சுமார் 4.6 கோடி டாலர் சொத்து பறிமுதலானது. நாள் வாடகை, மாதச் சந்தா என்று விற்ற போங்குதான் அவ்வளவு பணம். இத்தனை காசு புழங்கும் தொழில் ஒரே நாளில் ஒழியாது.

## நாங்கள் தப்பாகத் தடை போட்ட பையன்

எங்கள் சர்வரில் முப்பது, நாற்பது பேர்தான். அங்கே யார் எந்தக் கட்டையை எப்போது உடைத்தார் என்று எழுதிவைக்கும் கோர்புரொடெக்ட் என்ற இணைப்பு இருந்தது. போலி வைரம் தூவும் வசதியை அப்போது நாங்கள் இயக்கியிருக்கவில்லை.

ஒரு நாள் ஒரு பையன் ஒரே மாலையில் பதினொரு வைரம் எடுத்திருந்தான். பதிவை எடுத்துப் பார்த்தோம். தரையிலிருந்து படிக்கட்டு போல ஒரே சுரங்கம், எங்கும் தேடாமல், எங்கும் தயங்காமல் நேராக வைரத்தில் போய் முடிந்தது. அந்த இடத்துக்கே போய்ச் சுரங்கத்தில் நடந்தும் பார்த்தேன். ஓர் இடத்தில்கூடப் பக்கவாட்டில் ஒரு கல் உடைபடவில்லை. எக்ஸ்ரே என்றால் இப்படித்தான் இருக்கும். தடை போட்டுவிட்டோம்.

மறுநாள் அவன் எழுதியிருந்தான்: "அண்ணா, நான் எதுவும் போடல. அந்த இடம் பிரெண்டு சொன்னது." எல்லாரும் சொல்வதுதானே என்று இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் எங்களில் ஒருவர், சரி, அந்த நண்பன் பெயரையும் தேடிப் பார்த்துவிடுவோம் என்றார். தேடினோம். முந்தைய நாள் மாலை, அதே வைரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு குகை வழியாக நண்பன் வந்திருக்கிறான். வைரத்தை ஒட்டிய மூன்று கல்லை உடைத்திருக்கிறான், கல்லால் ஆன குந்தாலியால். மைன்கிராஃப்ட்டில் கல் குந்தாலியால் வைரம் எடுக்க முடியாது. இரும்புக் குந்தாலி வேண்டும். அது அவனிடம் இல்லை. இருந்தவனுக்கு வாட்ஸ்அப்பில் இடத்தின் எண்களைச் சொல்லியிருக்கிறான். எண் தெரிந்தவன் நேராகத்தானே தோண்டுவான்?

தடையை நீக்கி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவைப் பார்த்து, தனித்தனியாக எழுதிவைத்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே தடை என்று வைத்துக்கொண்டோம். தடை போடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்த இடம் உனக்கு எப்படித் தெரிந்தது?" அவன் திரும்பி வந்தான். முதல் வேலையாக அந்தப் பதினொன்றில் ஐந்து வைரத்தை நண்பனின் பெட்டியில் போட்டதும் பதிவில் இருக்கிறது.